பத்தில் ஒரு பங்கு டிரக்கில் பழகிய கை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் வில்லியனூரைத் தாண்டிப் போனால் திருபுவனை வரும். ஸ்டியரிங் பாகங்கள் செய்யும் ரானே (மெட்ராஸ்) நிறுவனத்தின் ஆலை ஒன்று அங்கே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் மதகடிப்பட்டில் மணக்குள விநாயகர் பொறியியல் கல்லூரி. தெற்கே பாகூர் கொம்யூனின் கிருமாம்பாக்கத்தில் ராஜீவ் காந்தி பொறியியல் கல்லூரி. நகரப் பக்கம் வந்தால் மேட்டுப்பாளையத்தில் அரசு ஐடிஐ, லாஸ்பேட்டையில் மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக். வண்டியின் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் வேலையைப் படிக்கவும் அதில் சேரவும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. குறைவது ஒன்றுதான். தானே கழற்றி, தானே மாட்டி, கெடுத்து, மறுபடி சரிசெய்து பார்க்க ஒரு வண்டி கையில் இருப்பதில்லை. வகுப்பில் ஒரு எஞ்சினைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். பட்டறையில் முதல் ஒரு வருஷம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதிலேயே போய்விடும்.

இந்தக் குறையைத் தீர்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, ரிமோட்டில் ஓடும் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஆஃப்-ரோடு டிரக். விளையாட்டுச் சாமானுக்கு வேலை வழிகாட்டியில் என்ன இடம் என்று கேட்பவர்கள் ஒருமுறை அதன் முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கட்டும். மேலும் கீழும் இரண்டு ஆர்ம், நடுவே நக்கிள், எண்ணெய் நிரப்பிய ஷாக், அதைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங், இரண்டு பக்கமும் டை ராட். எல்லாமே அசல் வேலை செய்யும் பாகங்கள். ஜப்பானின் டாமியா நிறுவனம் 1979-ல் ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் என்ற மண்தரை வண்டிகளைக் கொண்டுவந்தது. 1984-ல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்சி10 வண்டியை வெளியிட்டது. அதன் பிறகு இந்த வண்டிகளின் சஸ்பென்ஷன் அசல் பந்தய வண்டிக்கு ஈடாக வளர்ந்தது. டிராக்ஸாஸ் நிறுவனம் 2008-ல் விட்ட ஸ்லாஷ் டிரக், குறுகிய மண்தடத்தில் ஓடும் ஷார்ட் கோர்ஸ் பந்தய டிரக்கின் உருவத்தை அப்படியே சிறிதாக்கியது. இன்று ஷார்ட் கோர்ஸ் டிரக் என்று ரிமோட் வண்டி வட்டாரத்தில் சொன்னால் அதுதான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும்.

வாங்குகிறவர் ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது. பொம்மைக் கடை வண்டியில் டை ராட் நீளத்தை மாற்ற முடியாது, ஷாக்கில் எண்ணெய் இருக்காது, உடைந்தால் பாகம் கிடைக்காது. ஹாபி கிரேடு என்று விற்பதைத்தான் வாங்க வேண்டும். இருபுறமும் எதிரெதிர் மரையுள்ள டர்ன்பக்கிள் இருக்கிறதா, ஷாக்கைத் திறந்து எண்ணெய் மாற்ற முடியுமா, ஆர்மும் பேரிங்கும் தனியாக விலைக்குக் கிடைக்குமா என்ற மூன்றையும் கேளுங்கள். புதிதாக வாங்கினால் பல்லாயிரம் ரூபாய் ஆகும். தனி ஆளாக அந்தச் செலவில் இறங்க வேண்டாம். நான்கு நண்பர்களோ ஒரு கல்லூரிக் குழுவோ சேர்ந்து பழைய வண்டி ஒன்றை வாங்கினால் போதும். ஆட்டம் கண்ட பழைய வண்டிதான் அதிகம் கற்றுத் தரும்.

எங்கே ஓட்டுவது? சம்பா அறுப்பு முடிந்து காய்ந்த வயல், நிலத்துக்காரர் சம்மதித்தால், அருமையான தடம். வரப்பை மட்டும் உடைக்காதீர்கள். ஊசுட்டேரிப் பக்கம் போகவே வேண்டாம். அது 2008-லேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். பாகூரின் களிமண் வயல் காய்ந்தால் கல் மாதிரி இறுகி வெடிக்கும், ஈரமானால் டயரைப் பிடித்து நிறுத்தும். ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேட்டில் அதே டயர் வேறு மாதிரி நடக்கும். இரண்டு மண்ணும் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் கிடைப்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்த்த வசதி.

ஆட்டம் பார்க்காமல் கோணம் பார்க்காதே

வண்டியை மேசையில் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு பக்கவாட்டில் பிடித்து ஆட்டுங்கள். மேல்கீழாக ஆடினால் பேரிங்கிலோ ஆர்ம் பின்னிலோ தேய்மானம். பக்கவாட்டில் ஆடினால் டை ராட் முனையிலுள்ள பால் கப் தளர்ந்திருக்கும். இந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு கேம்பர், டோ என்ற சக்கரக் கோணங்களை அளந்தால் அளவு நிமிஷத்துக்கு ஒன்றாக மாறும். அலைன்மென்ட் கடையிலும் விதி இதுதான். பால் ஜாயின்ட் தேய்ந்த காரை மெஷினில் ஏற்றிப் பச்சை நிறம் காட்டி அனுப்பினால் அடுத்த வாரமே திரும்பி வரும். கடலோர கிராமத்துக்காரர்கள் பேரிங்கை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும், உப்புக்காற்று சும்மா விடாது.

அடுத்தது டயர். சின்ன வண்டியோ பெரிய வண்டியோ, மண்ணைத் தொடுவது டயர் மட்டும்தான். களி காய்ந்து இறுகிய தரையில் சிறு முள் நெருக்கமாக உள்ள டயர் பிடிக்கும். உதிரி மண்ணில் உயரமான, இடைவெளி விட்ட முள் வேண்டும். டயர் தவறாக இருந்தால் ஷாக்கில் எதை மாற்றினாலும் பலன் தெரியாது. பலர் முதல் மாதத்தை வீணாக்குவது இங்கேதான். வண்டி நழுவுகிறது என்று ஸ்பிரிங் மேல் ஸ்பிரிங்காக மாற்றுவார்கள், டயரின் முள்ளோ மொட்டையாகியிருக்கும்.

பிறகு உயரம். பேட்டரி போட்டு, ஓடும் நிலையில், வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் விடுங்கள். அது அமுங்கி எழுந்து நின்ற இடம்தான் அதன் இயல்பான உயரம். கீழ் ஆர்ம் தரைக்கு ஏறக்குறைய இணையாக நிற்பது நல்ல தொடக்கம். முன்னும் பின்னும், இடமும் வலமும் அளந்து எழுதுங்கள். உயரத்தை மாற்ற ஷாக்கின் மேலுள்ள காலரைத் திருகுவோம், அல்லது இடையில் கிளிப் போடுவோம். இங்கே புதியவர்கள் எல்லோரும் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். காலரை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிட்டது என்று நினைப்பார்கள். வண்டி உயர்கிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் பலம் அதன் கம்பியிலும் சுற்றிலும் இருக்கிறது, காலரில் இல்லை. நேர்காணலில் இந்த ஒரு வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர் பாடம் படித்தவரா, வேலை செய்தவரா என்பது எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

ஷாக்: இங்கே நேரம் செலவழியுங்கள்

என் கணக்கில் சஸ்பென்ஷன் கல்வியில் பாதி, ஒரு ஷாக்கை ஒழுங்காக எண்ணெய் நிரப்பிக் காற்று எடுப்பதிலேயே அடங்கியிருக்கிறது. ராடைக் கீழே இழுத்து, எண்ணெயை விளிம்பு வரை ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினால் குமிழ்கள் வரும். அவை முழுதும் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மூடினால் காற்று எண்ணெயோடு கலந்து ஷாக் பாதித் தூரம் வெறுமையாகப் போகும், பிறகு திடீரென்று இறுகும். முன் ஷாக் இரண்டும் தம்முள்ளும், பின் ஷாக் இரண்டும் தம்முள்ளும் ஒரே நீளத்தில் நீண்டு, ஒரே வேகத்தில் திரும்புகின்றனவா என்று கையில் ஜோடி ஜோடியாக வைத்து அமுக்கிப் பாருங்கள். இடது ஷாக் ஒரு விதமாகவும் வலது ஷாக் வேறு விதமாகவும் இருந்தால் வண்டி நேராகக் குதிக்காது.

எண்ணெய் சிலிகான் எண்ணெய். டப்பாவில் 30 வெயிட், 40 வெயிட் என்று போட்டிருக்கும். ஒரு நிறுவனத்தின் 30 இன்னொரு நிறுவனத்தின் 30 ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சென்டிஸ்டோக் என்ற அளவைப் பாருங்கள். டீம் அசோசியேட்டட் எண்ணெயில் 30 வெயிட் என்பது 350 சென்டிஸ்டோக், 40 வெயிட் என்பது 500. நோட்டில் எப்போதும் சென்டிஸ்டோக் எண்ணையே எழுதுங்கள். அளவை அலகோடு எழுதும் பழக்கம் ஆலை வேலைக்கு நேராகப் பயன்படும்.

சூடானால் எண்ணெய் இளகும். சித்திரை வெயிலில் காலை ஆறரைக்குச் சரியாக இருந்த ஷாக் பகல் ஒரு மணிக்குத் தளர்ந்து ஆடும். வண்டியில் எதுவும் மாறவில்லை, வெயில்தான் மாறியது. அதனால் நேரத்தையும் வெப்பத்தையும் எழுதாத குறிப்பு பாதி குறிப்புதான்.

வண்டி சொல்வதைப் படிப்பது இப்படி. மேட்டிலிருந்து குதித்து இறங்கும்போது அடித்தட்டு தரையில் அறைந்தால் எண்ணெய் மெலிசு, அல்லது ஸ்பிரிங் பலவீனம், அல்லது பிஸ்டன் துளை பெரிது. இறங்கியபின் இரண்டு மூன்று முறை எம்பினால் ஸ்பிரிங்கை அடக்க எண்ணெய் போதவில்லை. உழவுக் கட்டிகள் மேல் ஓடும்போது சக்கரம் தரையை விட்டுத் தத்தித் தத்திப் போனால் எண்ணெய் தடிப்பு, சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க நேரமில்லை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிஸ்டன் வேகமாக நகரும்போது சிறு துளை வழியே எண்ணெய் போக முடியாமல் ஷாக் ஒரு நொடி பூட்டிக்கொள்ளும். பெரிய குதிப்புக்கு அது நல்லது, சிறு மேடுபள்ளத்துக்குக் கெட்டது. ஆகவே தடித்த எண்ணெயும் பெரிய துளையும் சேர்ந்த ஷாக், மெலிந்த எண்ணெயும் சிறு துளையும் சேர்ந்த ஷாக்கைப் போலக் கையில் தெரியும். தடத்தில் இரண்டும் வெவ்வேறு விதமாக நடக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு பிற்பகல் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது.

ஸ்டியரிங்: நடுவிலிருந்து தொடங்கு

ரிமோட்டில் நடுநிலையைச் சிறிது நகர்த்தும் டிரிம் பொத்தானைப் பூஜ்யத்தில் வையுங்கள். சக்கரத்தைத் திருப்பும் சர்வோ மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து, அது நடுவில் நின்றபின் அதன் கையைச் செங்குத்தாக மாட்டுங்கள். பிறகு இரண்டு டை ராடையும் சம நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் வண்டி நேராக ஓடவில்லை என்றால் மட்டும் டிரிம். வரிசை மாறினால் டிரிம் என்ற சின்னப் பொத்தான் வளைந்த ராடையும் தளர்ந்த திருகையும் மறைத்துவிடும். பெரிய காரில் இதற்குச் சமமான தவறு, ஸ்டியரிங் வீலை நடுவில் பூட்டாமல் டோ வைப்பது. மெஷினில் எண் சரியாக இருக்கும், சாலையில் வாடிக்கையாளர் வீலைக் கோணலாகப் பிடித்து ஓட்டுவார்.

அடுத்து, சக்கரம் முழுதாகத் திரும்பி முட்டும் இடத்தில் சர்வோ உறுமுகிறதா என்று கேளுங்கள். உறுமினால் அது தடுப்பை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது, சூடாகிக் கருகும். ரிமோட்டில் திருப்பத்தின் எல்லையான எண்ட் பாயின்டைக் குறைத்து உறுமல் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். இடமும் வலமும் தனித்தனியாக.

கேம்பர் என்பது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு. மேல்பகுதி ஒன்று முதல் இரண்டு டிகிரி உள்ளே சாய்ந்திருப்பது தொடக்கத்துக்குப் போதும். ஓடிய டயரைத் தடவிப் பார்த்தால் எந்த விளிம்பு அதிகம் தேய்ந்தது என்று விரலே சொல்லும். டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்கியிருக்கின்றனவா, விலகியிருக்கின்றனவா என்பது. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டிரக்கில் பின்னால் சுமார் மூன்று டிகிரி உள்நோக்கி இருப்பது வழக்கம். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பின்பக்கம் சுற்றாமல் அது காக்கும். முன்னால் நேராகவோ, மிகச் சிறிது வெளிநோக்கியோ வைக்கலாம். வெளிநோக்கி வைத்தால் வளைவுக்குள் சட்டென்று நுழையும், நேர்த்தடத்தில் அலையும்.

வளைவில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்தில் போக வேண்டும், வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில். ஆகவே உள்சக்கரம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். மியூனிக் நகரின் வண்டி செய்பவர் கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் இதற்கு வழி கண்டார், லண்டனில் ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பெயர் ஆக்கர்மனுக்குப் போய்விட்டது. இது ஏன் தேவை என்று புரியாதவர்கள் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்தை மனத்தில் கொண்டுவரலாம். பிரெஞ்சுக் காலத்திலிருந்து ஆளுநர் வடம் பிடிக்கும் தேர் அது. தேரின் அச்சு திரும்பாது, அதனால் வீதி முனையில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்துக் கொடுத்துத்தான் அதைத் திருப்புகிறார்கள். சக்கரங்கள் தாமாகத் தேவையான அளவு திரும்பினால் அந்த உழைப்பெல்லாம் வேண்டாம். டிரக்கில் டை ராட் இணையும் துளையை மாற்றினால் இந்த அளவு கூடும், குறையும்.

இன்னொரு சோதனை, பலரும் விட்டுவிடுவது. சக்கரத்தை நேராக வைத்துக்கொண்டு வண்டியைக் கையால் அமுக்குங்கள். அமுங்கும்போது சக்கரம் தானாகத் திரும்பினால் அதுதான் பம்ப் ஸ்டியர். மேட்டில் ஏறும் ஒவ்வொரு முறையும் வண்டி நீங்கள் சொல்லாமலே திரும்பும். டை ராடின் ஒரு முனையைச் சிறு வாஷர் வைத்து உயர்த்தியோ தாழ்த்தியோ இதைக் குறைக்கலாம். அசல் பந்தய வண்டியில் மணிக்கணக்கில் நடக்கும் வேலை இது.

வளைவில் வண்டி சாய்வதைக் கட்டுப்படுத்தும் ஆன்டி ரோல் பார், ரோல் சென்டர் இரண்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னவை ஒழுங்காக இருந்தால் இவை தேவைப்படுவதே குறைவு.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மாற்றுவதற்கு முன் சில சுற்று, மாற்றியபின் அதே எண்ணிக்கையில் சுற்று, பிறகு பழையபடி வைத்து மறுபடியும் அதே சுற்று. மூன்றாவது முறை நேரம் பழைய அளவுக்குத் திரும்பினால்தான் அந்த மாற்றத்துக்குப் பலன் உண்டு என்று நம்பலாம். திரும்பாவிட்டால் உங்கள் கை பழகியிருக்கும், அல்லது மண் காய்ந்திருக்கும், அல்லது பேட்டரி இறங்கியிருக்கும். வேகமான ஒரு சுற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். எல்லாச் சுற்றும் நெருக்கமாக வருகிறதா என்று பாருங்கள்.

நோட்டில் பக்கத்துக்கு ஒரு ஓட்டம். தேதி, நேரம், மண்ணின் நிலை, டயர், நான்கு மூலை உயரம், எண்ணெய், ஸ்பிரிங் நிறம், கேம்பர், டோ, பேட்டரி முன்னா பின்னா, என்ன மாற்றினேன், எதற்காக, என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. "எதிர்பார்த்தேன்" என்ற கட்டத்தை ஓட்டுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். அது தவறாகப் போன பக்கங்களை ஒருபோதும் கிழிக்காதீர்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர் அந்தப் பக்கங்களைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும்.

லிப்போ பேட்டரி பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கக் கூடாது. உப்பிய பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். ஆள் இல்லாத அறையில் சார்ஜ் போடாதீர்கள், வெயிலில் நிற்கும் பைக் பெட்டிக்குள் வைக்காதீர்கள். இதையெல்லாம் கடைப்பிடிப்பது தீயிலிருந்து காக்கும். மின்வண்டிப் பட்டறையில் இதே கவனத்தைத்தான் முதல் நாளே எதிர்பார்ப்பார்கள்.

சின்ன வண்டி கற்றுத் தராதது

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீளம் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்றாகும். இரண்டரை கிலோ டிரக் இரண்டரை டன் வண்டியின் நிழல். ஆனால் பூமியின் ஈர்ப்பு சிறிதாவதில்லை. அதனால் சின்ன வண்டி மூன்று மடங்குக்கும் மேல் வேகமாக ஆடி அடங்கும், அதன் ஒரு அடி குதிப்பு அசலில் பத்து அடிக்குச் சமம். எண்களை அப்படியே பெரிய வண்டிக்குக் கொண்டுபோக முடியாது. இந்த டிரக்குகளில் காஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சு பின்னால் சாயும் கோணம், இருபது, முப்பது டிகிரிகூட இருக்கும், சாலைக் காரில் பெரும்பாலும் ஒற்றை இலக்கம். ரப்பர் புஷ், பவர் ஸ்டியரிங், ஏபிஎஸ், சென்சார் எதுவும் இங்கே இல்லை. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறு கார்களில் முன்பக்கத்து டோவைத் தவிர வேறு எதையும் திருத்த முடியாது என்பதும் கடைக்குப் போனபின்தான் தெரியும். பெரிய வண்டிக்கு வருவது அறிகுறியைப் படிக்கும் பார்வையும், சோதிக்கும் வரிசையும், எழுதும் பழக்கமும்தான். அவை முழுதாக வரும்.

எந்த வாசல் யாருக்கு

பொறியியல் மாணவர்களுக்கு பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டி இருக்கிறது. அமெரிக்காவில் 1976-ல் தொடங்கியது, இந்தியாவில் 2007-ல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் ஆரம்பமானது. மாணவர்களே ஒற்றை ஆள் ஆஃப்-ரோடு வண்டியை வடிவமைத்துக் கட்டி, மலையேற்றம், வளைவு, சஸ்பென்ஷன் சோதனை, நான்கு மணி நேரத் தொடர் ஓட்டம் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். டிசைன் சுற்றில் நடுவர் கேட்பது "ஏன் இந்த அளவு?" என்பதைத்தான். மென்பொருள் சொன்னது என்ற பதில் எடுபடாது. உங்கள் கல்லூரியில் குழு இருந்தால் முதல் ஆண்டிலேயே சஸ்பென்ஷன் பிரிவில் சேருங்கள். பலரும் எஞ்சின் பக்கம் ஓடுவார்கள், இங்கே இடம் கிடைக்கும். தார்ச்சாலை வண்டியில் விருப்பமுள்ளவர்களுக்குக் கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் உண்டு.

ஐடிஐ பிள்ளைகளுக்கு நேர்வழி மெக்கானிக் மோட்டார் வெஹிகிள் பிரிவு, இரண்டு ஆண்டு. அதன்பின் 1961-ன் தொழிற்பழகுநர் சட்டப்படி ஆலைகளில் உதவித்தொகையோடு பயிற்சி. மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பதிந்து, மாவட்ட வாரியாகக் காலியிடம் பார்க்கலாம். டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களுக்குச் சென்னை தரமணியில் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். ஸ்டியரிங் ஆலையில் ஆரம்பத்தில் பால் ஜாயின்டின் முறுக்கு விசையை அளப்பது, கேஜ் வைத்துப் பார்ப்பது, எழுதுவது போன்ற வேலையே கிடைக்கக்கூடும். சலிப்பாகத் தோன்றும். நோட்டுப் பழக்கம் உள்ளவர் அதில் சீக்கிரம் கவனிக்கப்படுவார். பெண்களைத் தயங்க வைக்க இந்த வேலையில் எதுவும் இல்லை. அளவெடுத்தலுக்கும் சோதனைக்கும் வேண்டியது கூர்மைதான்.

பாகூர் பக்கம் இருப்பவர்கள் டிராக்டரை மறந்துவிட வேண்டாம். முன் அச்சின் சென்டர் பின், கிங் பின் புஷ் தேய்ந்து, டோ விலகி, புதுடயர் ஒரு பருவத்தில் மொட்டையாகும் வண்டிகள் ஊருக்கு ஊர் உண்டு. சக்கரத்தின் முன்விளிம்பு இடைவெளியையும் பின்விளிம்பு இடைவெளியையும் டேப்பால் அளந்து வித்தியாசம் பார்ப்பதுதான் டோ அளவு. உற்பத்தியாளரின் கையேட்டில் எத்தனை மில்லிமீட்டர் என்று இருக்கும். சின்ன டிரக்கில் நூல் கட்டி டோ அளந்து பழகியவர் இதை மெஷின் இல்லாமல் வயலோரத்திலேயே செய்துகொடுத்துக் கூலி வாங்கலாம். பெரிய முதலீடு இல்லாத தொழில் இது, சரியாகச் செய்பவர்கள் குறைவு என்பதால் இடமும் இருக்கிறது.

ஒரகடத்தின் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் போன்ற சோதனை நிலையங்களும், சென்னையைச் சுற்றியுள்ள வாகன ஆலைகளின் சோதனைப் பிரிவுகளும் சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு வரும் படிகள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் அணிகளில் மெக்கானிக்காகச் சேரும் ஆசை பலருக்கு இருக்கும். அங்கே வேலை பந்தயப் பருவத்தைப் பொறுத்தது, ஆண்டு முழுவதற்குமான வருமானமாக அதை நம்ப வேண்டாம். ரிமோட் வண்டிப் பந்தயத்தில் பரிசு வாங்கிப் பிழைப்பது நம் நாட்டில் இன்று நடக்காத காரியம். இதில் பழகிய கைக்குத்தான் சம்பளம்.

நேர்காணலுக்குப் போகும்போது வண்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நோட்டையும், ஒரே மேட்டில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் கொண்டுபோங்கள். ஆங்கிலத்தில் தடுமாறினால் தமிழிலேயே சொல்லுங்கள், ஆனால் பாகத்தின் பெயரை மட்டும் கையேட்டில் உள்ளபடி சொல்லுங்கள். "வண்டி இடது பக்கம் இழுக்கிறது, என்ன செய்வாய்?" என்ற கேள்விக்கு அலைன்மென்ட் மெஷினில் ஏற்றுவேன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: முதலில் நான்கு டயரின் காற்றைப் பார்ப்பேன். பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு முன்சக்கரங்களின் சூட்டை ஒப்பிட்டு, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுவேன், இழுப்பு வலப்பக்கம் போனால் கோளாறு டயரில். போகாவிட்டால் பால் ஜாயின்ட், டை ராட், புஷ் ஆட்டம். அதன்பின் இடவலம் உயரம், ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறதா என்று அளப்பேன். இவ்வளவும் முடிந்தபின் ஸ்டியரிங் வீலை நடுவில் பூட்டிவிட்டு மெஷினில் ஏற்றுவேன்.